வலது பக்க ஸ்பீக்கரை மூன்று முறை மாற்றினேன்

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினெட்டு வருஷம் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தேன். ஹெட்லைட், செல்ஃப் மோட்டார், டைனமோ, ஹாரன், பாட்டுப் போடுகிற கார் செட் எல்லாம் பார்ப்பேன். தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பொதுவாக எல்லோரும் ஜெயித்த வேலையைத்தான் எழுதுவார்கள். நான் தோற்ற வேலையை எழுதுகிறேன்.

ஒரு மனுஷனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அவர் என் கடைக்கு வந்து அதைத் தன் வாயாலேயே சொன்னார். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, மூன்று முறை ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்தேன். விஷயம் இவ்வளவுதான். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

1. கம்பெனி செட்டைக் கழற்றாமல்

எனக்குச் சொந்த ஊர் அடிவாரத்தில் காரவள்ளி. வீட்டுக்குக் கொஞ்சம் காடு உண்டு. எனக்கு ஏர் பிடிக்க வராது, ஒயர் பிடிக்கத்தான் வரும். சேலத்தில் ஏழு வருஷம் தொழில் கற்றுக்கொண்டு 1997-இல் மலைமேல் கடை போட்டேன். கோபக்காரன் என்று பெயர் எடுத்தேன். வேலை சுத்தம் என்றும் பெயர் எடுத்தேன். இரண்டும் நிஜம்தான்.

அந்த வருஷங்களில் மலையில் ஓடிய வேனும் ஜீப்பும் கீழே நாலு கை மாறி வந்தவை. டாஷ்போர்டில் கம்பெனி கொடுத்த கேசட் பிளேயர் இருக்கும். கதவுக்குள் உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஸ்பீக்கர். தகர டப்பாவுக்குள் ஆளை உட்கார வைத்துப் பாடச் சொன்ன மாதிரி இருக்கும். கீழே நாமக்கல்லில் கொண்டுபோய்க் காட்டினால், எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்பார்கள். மிளகு விற்று வண்டி வாங்கினவன் புதுசுக்கு எங்கே போவான்?

என் முறை வேறு. பிளேயரைத் தொடமாட்டேன். ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவேன், அதுவும் சேலத்தில் பழைய சாமான் கடையில் பொறுக்கின, கூம்புக் காகிதம் கிழியாத நல்ல கோனாகப் பார்த்து. பிளைவுட்டில் வளையம் அறுத்து, கதவுத் தகரத்தில் அசையாமல் முடுக்குவேன். லாரி டியூபை வெட்டித் தகரத்துக்கு உள்பக்கம் ஒட்டினால் அதிர்வு போய்விடும். ஒயரைத் தனியாக இழுத்து, பெயிண்டைச் சுரண்டிச் சுத்தமான இரும்பில் எர்த் கொடுப்பேன். காசு கம்மியாக இருந்தால் இதுவே போதும். பாதிச் சத்தம் கதவில்தான் இருக்கிறது, செட்டில் இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது.

சடையப்பன் மலையிலேயே வாழவந்தி நாடு என்கிற பகுதிக்காரர். என்னைவிட மூன்று நாலு வயது சின்னவர். பழைய வேன் ஒன்று வாங்கி, மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு ஓட்டினார். அந்தக் காலத்தில் அவரை வா, போ என்றுதான் பேசுவேன். அவர் என்னை அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுவார். இப்போது எழுத உட்கார்ந்தால் ‘அவர்’ என்றுதான் கை போகிறது.

அவர் வேனுக்கு நான் சொன்ன முறையில்தான் செய்து கொடுத்தேன். முடித்துவிட்டுப் பாட்டுப் போட்டால், மனுஷன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார். இடது கதவில் ஏதோ நடுங்குகிறது என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதெல்லாம் இல்லை, போப்பா என்றேன். அவர் போகவில்லை. கதவு அட்டையைக் கழற்றிப் பார்த்தால், கண்ணாடி ஏற்றுகிற கம்பியில் ஒரு கிளிப் லூசாக இருந்தது. காதா அது, பாம்புச் செவியா என்று நானே கேலி பண்ணினேன்.

அந்தக் காது அவருக்குச் சோறு போட்ட காது. காரவள்ளிச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. மழையானாலும் மூடுபனியானாலும் எங்கள் டிரைவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார்கள். வளைவு வந்தால் பாட்டைக் குறைப்பார்கள். இறங்கும்போது ஹாரன் கீழேயிருந்து வந்தால் நின்றுவிட வேண்டும், ஏறுகிற வண்டிக்கு வழி. பின்னால் மேலேயிருந்து வந்தால் முன்னால் நகர்ந்து ஒதுங்கிவிட வேண்டும். ரோடு தெரிவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். சடையப்பன் ஒரு படி மேலே. ஹாரன் எந்த வளைவிலிருந்து வருகிறது, எந்த பஸ், ஸ்டியரிங்கில் யார் என்பதுவரை சொல்வார். பிரசவக் கேஸ் என்றால் சடையப்பன் வண்டியைக் கூப்பிடு என்பார்கள். வண்டிக்காக இல்லை, அவருக்காக.

2. கதவைத் திறந்தால் வருகிறது, சாத்தினால் போகிறது

ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தை நோம்பி, அதுதான் பொங்கல், முடிந்து மூன்றாம் நாள் காலையில் வேன் என் கடை முன்னால் வந்து நின்றது. வலது பக்கம் சத்தமே வரவில்லை, கூடவே ஙொய்யென்று ஓர் இரைச்சல் என்றார்.

நான் செய்த வேலையைக் குறை சொன்னால் எனக்கு உச்சந்தலையில் ஏறும். டிரைவர் கதவைத் திறந்து, பாட்டைப் போட்டுக் காதை வைத்துப் பார்த்தேன். கணீரென்று வந்தது. நீயே கேள் என்றேன். அவர் இறங்கிக் கதவுப் பக்கம் குனிந்து கேட்டார். “ஆமாங்க, வருதுங்க” என்று விழித்தார். சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். “இப்ப இல்லீங்கண்ணா” என்றார்.

இந்த இடத்தில் தொழில்காரன் என்ன நினைப்பான்? திறந்தால் வருகிறது, சாத்தினால் போகிறது. அப்படியானால் கதவுக் கீல் பக்கம் ஒயர் நைந்திருக்கிறது. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? கீலில் ஒயரை அறுத்துப் புதிதாக இழுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பீக்கரையும் மாற்றினேன். இரண்டு நாள் வண்டி என் கடையில் நின்றது.

கீழே குனிந்து கேட்டபோது அவர் வைத்தது இடது காது. சீட்டில் உட்கார்ந்தால் அந்தக் கதவுப் பக்கம் இருப்பது வலது காது. இது எனக்குத் தோன்றவில்லை. அவர் சீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தடவை நான் உட்கார்ந்திருந்தால் போதும். உட்காரவில்லை. எங்கள் தொழிலில் கதவைத் திறந்து போட்டு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் பார்ப்பது பழக்கம்.

நாலு நாள் கழித்துத் திரும்ப வந்தார். அதே குறை. வேறு ஸ்பீக்கர் போட்டேன். இன்னும் நாலு நாள் கழித்து மறுபடியும் வந்தார். அன்றைக்கு என் கடையில் இரண்டு ஜீப் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரே என் வேலை மூன்றாவது தடவை திரும்பி வந்து நிற்கிறது. இருப்பதிலேயே பெரிய ஸ்பீக்கராக எடுத்து மாட்டினேன். இரைச்சலுக்கு டைனமோதான் காரணம் என்று, அதை அடக்க ஒரு கண்டென்சரும் வைத்தேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: “செட்டை ஆஃப் பண்ணுனாலும் கேக்குதுங்கண்ணா.”

எஞ்சின் ஓடினால் கேட்கத்தான் செய்யும் என்றேன்.

“எஞ்சினை நிறுத்துனாலும் கேக்குதுங்க. ஊட்டுல படுத்தாலும் கேக்குது.”

அடுத்து நான் சொன்னதை எழுதுவதற்கே கூசுகிறது. “ஏப்பா, கட்டிலுக்கும் ஒயர் இழுத்துட்டயா?” என்று கேட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரை ஏறுகிற அளவுக்குச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சடையப்பனும் சிரித்தார், கீழே பார்த்துக்கொண்டு. நாள் முழுக்க வண்டியில் இருந்தால் அந்தச் சத்தம் காதில் நின்றுகொள்ளும், பத்து நாளில் பழகிவிடும் என்று நான் டாக்டர் மாதிரி வேறு சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவர் குறை சொல்லி வரவில்லை. வேலை சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது ஸ்பீக்கர்தான் சரியான ஸ்பீக்கர் என்று இரண்டு பேரிடம் பெருமையும் அடித்தேன்.

3. இறங்கும்போது

பங்குனி மாதம் எனக்குக் காரவள்ளியில் ஒரு ஜோலி. பஸ் போய்விட்டது. கீழே இறங்கிக்கொண்டிருந்த சடையப்பன் வண்டியில் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். வேறு ஆள் இல்லை. வழியெல்லாம் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். நான் உட்கார்ந்திருந்தது அவருக்கு இடது பக்கம். வண்டியில் ஏறுகிற எல்லோருமே டிரைவருக்கு இடது பக்கம்தான். அதனால்தான் இரண்டு மாதமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பாட்டு என் பக்கமே அடைத்துக்கொண்டு வந்தது. பார்த்தால் பேலன்ஸ் குமிழ் முழுக்க இடது பக்கம் திருகிக் கிடக்கிறது. எனக்கு வந்ததே கோபம். அத்தனை பாடுபட்டு மாற்றிக் கொடுத்த ஸ்பீக்கரை ஊமையாக்கி வைத்திருக்கிறாரே என்று நடுவில் கொண்டுவந்து வைத்தேன். அவர் கை நீட்டித் திரும்பவும் இடது பக்கமே திருகினார். அப்படி வைத்தால்தான் தனக்குப் பாட்டு முழுசாகக் கிடைக்கிறது என்றார்.

பாதி மலை இறங்கியிருப்போம். பனி மூடியிருந்தது. அடுத்த வளைவுக்குக் கிட்டே வரும்போது ஒரு ஹாரன். கீழேயிருந்து, பஸ். எனக்கே தெளிவாகக் கேட்டது. நிறுத்தப்போகிறார் என்று நான் காலை ஊன்றிக்கொண்டேன். அவர் பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துவிட்டு வண்டியை முன்னால் விட்டார், வளைவுக்குள்ளேயே.

பஸ்ஸின் மூக்கு பனிக்குள்ளிருந்து வந்தது. இரண்டு பேரும் பிரேக் அடித்தார்கள். எங்கள் கண்ணாடிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. என் பக்கம் மதில் சுவர், அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

பஸ் டிரைவர் தலையை நீட்டி, ஹாரன் அடித்தது காதில் விழவில்லையா என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். மற்ற நாளாக இருந்தால் சடையப்பன் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார். அன்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கீழ இருந்தாங்கண்ணா வந்துச்சு? நான் மேல இருந்து பொறவால வாரான்னு நெனச்சேன்.”

வண்டியைப் பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்தச் சொன்னேன். கண்ணை மூடிக்கோ என்றேன். என் கையில் சாவி கொடுக்கிற, டிக் டிக்கென்று சத்தம் வருகிற கடிகாரம். அதைக் கழற்றி அவர் இடது காதருகே பிடித்தேன். கேட்கிறது என்றார். அப்படியே எட்டிக் கையை அந்தப் பக்கம் கொண்டுபோய் வலது காதில் ஒட்டினாற்போல் வைத்தேன். அவர் கண்ணை மூடியபடியே இருந்தார்.

“வெச்சுட்டீங்களாண்ணா?” என்று கேட்டார்.

கடிகாரத்தைக் கையில் கட்டக்கூட முடியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தான். முதலில் நான் போட்டதும் நல்ல ஸ்பீக்கர்தான்.

4. நாமக்கல்லில்

மறுநாளே காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வண்டியில் அல்ல, பஸ்ஸில். அந்தம்மா நல்ல மாதிரி. பொறுமையாகப் பார்த்தார். இரண்டு காதிலும் சத்தம் கேட்க வைத்து ஒரு சோதனை எடுத்தார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். தை நோம்பி கழிந்து இரண்டாம் நாள், தூங்கி எழுந்ததும் வலது பக்கம் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது, அன்றிலிருந்து இரைச்சல் என்று சடையப்பன் சொன்னார். பஞ்சு அடைத்த மாதிரி என்பதை என்னிடம் அவர் சொல்லவில்லை. நான் சொல்ல விட்டால்தானே.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மாத்திரை குடுத்துப் பாத்திருக்கலாமேப்பா. சில பேருக்குத் திரும்பி வரும். இப்ப ரெண்டு மாசம் ஆயிருச்சு. இந்தக் காது இனி இப்படித்தான்.”

காது திரும்பி வந்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை, வந்திருக்கலாம் என்றுதான் சொன்னார். வராமலே போயிருக்கவும் கூடும். அந்த ‘கூடும்’ எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. சடையப்பனுக்கு இருந்தது அந்த இரண்டு வாரம்தான். அந்த இரண்டு வாரமும் அவர் என் கடைக்குத்தான் வந்துபோய்க்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று.

“அப்பவே யாருகிட்டயும் காட்டலையா?” என்று டாக்டர் கேட்டார்.

சடையப்பன் என்னைப் பார்க்கவே இல்லை. “இல்லீங்க. வேலை சரியா இருந்துச்சுங்க, நேரமில்லீங்க” என்றார்.

என்னிடம் மூன்று தடவை காட்டினார் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஊரில் எல்லோரையும் வாய் கிழியத் திட்டுகிறவன், அங்கே ஊமைக்கோட்டானாக உட்கார்ந்திருந்தேன். முதலில் செய்தது தெரியாமல் செய்த தப்பு. இது தெரிந்தே செய்தது.

ஒரு காது இருந்தால் சத்தம் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடாது என்று டாக்டர் சொன்னார். கீழே சமவெளியில் ஓட்டுகிறவனுக்கு அது ஒரு குறையாகவே தெரியாமல் போகலாம். எழுபது வளைவு உள்ள சாலையில் ஓட்டுகிறவன் பிழைப்பு போக அதைவிட வேறு என்ன வேண்டும்?

5. வேன் போன பிறகு

ஒரு மாதம் சமாளித்துப் பார்த்தார். மச்சினனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மேலே, கீழே என்று சொல்லச் சொல்லி ஓட்டினார். ஒருநாள் பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கினபோது மேற்கொண்டு ஓட்டத் துணியாமல் பாதியிலேயே ஓரங்கட்டிவிட்டாராம். வழியில் வந்த ஜீப்பில் அந்தப் பெண்ணை மாற்றி அனுப்பிவிட்டு, வண்டியை மேலே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் விலை பேச ஆள் வந்துவிட்டது.

விற்கிறதற்கு முன்னால் கம்பெனி ஸ்பீக்கரையே திரும்ப மாட்டித் தரச்சொல்லி என் கடைக்குக் கொண்டுவந்தார். வாங்குகிறவர் அப்படிக் கேட்டாராம். பழையதை நான் பத்திரமாக வைத்திருந்தேன். என்னுடையதைக் கழற்றுவதற்கு முன்னால், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் சீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் அழகாக வந்தது. இறங்கி வந்து அவரிடம், என்னைப் பற்றி ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா வந்துருமாங்கண்ணா?” என்றார். “நீங்க சவுண்டு தெரிஞ்சவரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்” என்றார்.

அதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது லேசாக இருந்திருக்கும். கடையைப் பாதியில் சாத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

அதன்பிறகு என் வேலை முறை மாறியது. தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதும் அதுதான். வாடிக்கையாளர் எங்கே உட்கார்ந்து குறை சொல்கிறாரோ, அந்த சீட்டில் நீ உட்கார். கதவைச் சாத்திக்கொள். அவர் சொல்வதை முழுசாகச் சொல்லி முடிக்க விடு, மீட்டரை அப்புறம் எடு. செட்டை நிறுத்தினாலும் இரைச்சல் கேட்கிறது என்று யாராவது சொன்னால், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வை, அவரைக் காது டாக்டரிடம் அன்றைக்கே பஸ் ஏற்றி விடு. அப்படி நான் ஆறேழு பேரை அனுப்பியிருக்கிறேன். காதில் அழுக்கு அடைத்திருந்தவர்கள்தான் அதில் அதிகம். என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள், சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்கு மட்டும் மாத்திரையில் திரும்பி வந்தது. நன்றி சொல்ல வந்தவரிடம் என்னால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

சடையப்பன் மரவள்ளிக் காட்டோடு நின்றுவிட்டார். அடுத்த வருஷம் வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு பம்ப்செட் வேலைக்குப் போனபோது அவர் காட்டுக்குப் போனேன். வாங்கண்ணா என்று பழையபடிதான் கூப்பிட்டார். வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். என்னை அறியாமலே அவருக்கு இடது பக்கமாக நின்றுகொண்டேன். மரவள்ளிக் குச்சி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது, ஒரு பக்கமும் தெரியாது.

அவருக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. எங்கேயோ குச்சிக்குள்ளிருந்து அப்பா என்று கூப்பிட்டாள். சடையப்பன் சட்டென்று திரும்பினார். எதிர்ப் பக்கம். இன்னொரு தடவை கூப்பிட்டாள். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார், நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். குழந்தை அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் ஓடினார்.